சதுர அடிக்கு எவ்வளவு கேட்பது? ஆபீஸ் கார்பெட் வேலையில் இறங்கிய தம்பிக்கு

கேள்வி: வணக்கம் அக்கா. ஒரு ஹோட்டலில் ஆறு வருடம் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்துவிட்டு, இரண்டு வருடமாக மேடவாக்கத்தில் சொந்தமாக சோஃபா, மெத்தை கிளீனிங் செய்கிறேன். கார்பெட் வாஷ் செய்யும் எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷின் ஒன்று, வேக்கம் ஒன்று, வேலைக்கு இரண்டு பையன்கள். சோழிங்கநல்லூரில் ஓர் ஐடி கம்பெனியிலிருந்து போனில் ரேட் கேட்டார்கள். 12,000 சதுர அடி என்றார்கள். அடிக்கு 3 ரூபாய் சொன்னேன், 36,000 ரூபாய். இரண்டு இரவில் முடியும் என்று நினைத்த வேலை ஐந்து இரவு இழுத்துவிட்டது. திங்கட்கிழமை வந்தவர்கள் ஈர வாடை அடிக்கிறது என்று புகார் சொல்லி, பில்லில் 15 சதவீதம் பிடித்துக்கொண்டார்கள். மீதிப் பணம் 70 நாளாகியும் வரவில்லை. பயந்துபோய் அடுத்த ஆபீசில் அடிக்கு 9 ரூபாய் சொன்னேன், பதிலே இல்லை. சரியான ரேட் என்ன? ஆர்டர் பிடிப்பது எப்படி? லோன் போட்டுப் பெரிய மெஷின் வாங்கலாமா?

பதில்:

தம்பி, நீங்கள் சொன்ன 3 ரூபாயும் தப்பு, 9 ரூபாயும் தப்பு. இரண்டும் ஒரே காரணத்தால் தப்பு. உங்கள் குழு ஓர் இரவு வேலைக்குப் போனால் உங்களுக்கு என்ன செலவாகிறது என்பது தெரியாமல் இரண்டு எண்களையும் சொல்லியிருக்கிறீர்கள். சதுர அடி என்பது வாடிக்கையாளரிடம் பேசுவதற்கான அளவு. உங்கள் நோட்டில் இருக்க வேண்டிய கணக்கு இரவுக் கணக்கு. அதை முதலில் போட்டுவிடுவோம்.

நான் ஒரு மாதிரிக்குத்தான் எழுதுகிறேன், உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பையன்களுக்கு இரவுக்கூலி தலைக்கு 900, ஆக 1,800. உங்களுக்கு 1,500. இதைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் காய்ச்சலில் படுத்தால் உங்கள் இடத்தில் ஒரு சூப்பர்வைசரை அனுப்ப வேண்டும் அல்லவா, அந்தச் சம்பளம்தான் இது. வண்டி வாடகை 1,500. கெமிக்கல் 600. மெஷின் தேய்மானம், பிரஷ், ஹோஸ், மோட்டார் ரிப்பேர் எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு 600. சாப்பாடு, டீ 400. இன்சூரன்ஸ், போன், கணக்குப்பிள்ளை, கொட்டேஷன் கொடுக்க அலையும் பெட்ரோல் என்று மாதம் முழுதும் ஆகும் செலவில் ஓர் இரவின் பங்கு 800. கூட்டினால் 7,200 ரூபாய்.

உங்கள் சோழிங்கநல்லூர் வேலையை இதில் வைத்துப் பாருங்கள். ஐந்து இரவு, 36,000 ரூபாய் செலவு. பில் தொகையும் 36,000. அதில் 5,400 பிடித்துவிட்டார்கள். அப்படியானால் அந்த வேலையை நீங்கள் கைக்காசு போட்டுச் செய்து கொடுத்திருக்கிறீர்கள். ஐந்து இரவும் உங்களோடு தூங்காமல் நின்ற அந்த இரண்டு பையன்களை நினைத்துத்தான் எனக்கு வருத்தமாக இருந்தது. விலையைக் குறைத்துச் சொல்லும்போது, அந்தக் குறைவு கடைசியில் அவர்கள் தூக்கத்திலும் கூலியிலும்தான் போய் விழுகிறது.

இனி லாபம். 7,200 மேல் 25 சதவீதம் போட்டால் 9,000. அதில் உங்களுக்கு நிற்பது 1,800, அதாவது விலையில் 20 சதவீதம்தான். விலையில் கால் பங்கு லாபமாக நிற்க வேண்டும் என்றால் 7,200ஐ 0.75ஆல் வகுக்க வேண்டும்: 9,600. இந்த வித்தியாசம் தெரியாமல் ‘25 சதவீதம் வைத்தேனே, காசு எங்கே போனது’ என்று குழம்புகிறவர்கள் நம் தொழிலில் நிறையப் பேர். நான் 9,600 என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

அடுத்து வேகம். இரவு 10 மணிக்கு உள்ளே போய் 5 மணிக்கு வெளியே வந்தால் ஏழு மணி நேரம். ஆனால் செக்யூரிட்டியில் எழுதிவிட்டு, சர்வீஸ் லிஃப்டுக்குக் காத்திருந்து, மெஷினை ஏற்றி, தண்ணீர் பிடித்து, கடைசியில் கழுவி மூட்டை கட்டி இறங்கும் வரை போகிற நேரத்தைக் கழித்தால், கார்பெட்டில் கை வைப்பது ஐந்து மணி நேரம்தான். உங்களிடம் இருப்பது போன்ற சின்ன எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷினில், வெந்நீரும் கெமிக்கலும் பீய்ச்சி உடனே உறிஞ்சி எடுக்கும் முறையில், மேசை நாற்காலி நெருக்கமாக உள்ள இடத்தில் என் ஆட்கள் மணிக்கு 300 சதுர அடிதான் செய்கிறார்கள். காலியான நடைபாதையில் 500. அப்படியென்றால் மேசைப் பகுதி ஓர் இரவுக்கு 1,500 அடி, அடிக்கு 6.40 ரூபாய். நடைபாதை 2,500 அடி, அடிக்கு 3.84. ஒரே தளம், ஒரே மெஷின், ஒரே ஆட்கள், ஆனால் இரண்டு விலை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண்ணைப் போனில் சொல்ல முடியாது என்பது இதனால்தான்.

சரி, அந்த 12,000 சதுர அடியை நீங்கள் அளந்து பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆபீஸ்காரர்கள் சொல்லும் ‘கார்பெட் ஏரியா’ என்பது ரியல் எஸ்டேட் வார்த்தை. சுவருக்குள்ளே புழங்கக்கூடிய தரைக்கு அந்தப் பெயர். அதில் பேன்ட்ரி, டாய்லெட், சர்வர் ரூம் எல்லாம் வந்துவிடும், அங்கே கிடப்பது டைல்ஸ் அல்லது வினைல். சில அட்மின்கள் வாடகை ஒப்பந்தத்தில் உள்ள எண்ணையே சொல்லிவிடுவார்கள், அதில் லிஃப்ட் லாபி, மாடிப்படியின் பங்குகூடச் சேர்ந்திருக்கும். உங்கள் ஐந்து இரவு வேகத்தைப் பார்த்தால் அங்கே விரித்திருந்த கார்பெட் 9,000 அடியை ஒட்டி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அளக்க டேப்கூட வேண்டாம். இப்போதைய ஆபீஸ்களில் இருப்பது பெரும்பாலும் 50 சென்டிமீட்டர் சதுரக் கார்பெட் டைல். ஒன்றை அளந்து உறுதி செய்துகொண்டு, நடந்துகொண்டே எண்ணுங்கள். நான்கு டைல் ஒரு சதுர மீட்டர், ஒரு டைல் 2.69 சதுர அடி. நீளத்தில் 40, அகலத்தில் 24 என்றால் 960 டைல், கிட்டத்தட்ட 2,583 சதுர அடி. பத்து நிமிட வேலை. அட்மின் பக்கத்திலேயே நடந்து வருவார். அவர் கண் முன்னால் எண்ணி எழுதுகிற ஆளுக்கு அங்கேயே பாதி மதிப்பு வந்துவிடும்.

எண்ணிக்கொண்டே மற்றதையும் பார்த்துவிட வேண்டும். தண்ணீர் எங்கே பிடிப்பது, அழுக்குத் தண்ணீரை எங்கே ஊற்றுவது, சர்வீஸ் லிஃப்ட் இரவில் ஓடுமா, டைல் ஓரங்கள் எங்காவது தூக்கிக்கொண்டிருக்கிறதா, என்ன இழை. நைலானா, பாலிப்ரொப்பிலீனா, கம்பளியா என்பதைப் பொறுத்துக் கெமிக்கல் மாறும். கம்பளிக்குக் காரம் (அல்கலி) கூடிய மருந்து ஆகவே ஆகாது. அப்புறம் பிளக் பாயின்ட். இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்டது. தொழில் தொடங்கிய புதிதில் கிண்டியில் ஓர் ஆபீசில் என் ஆள் வேக்கத்தை மேசைக்குக் கீழே இருந்த சிவப்பு பாயின்டில் மாட்டிவிட்டார். சிவப்பு பாயின்ட் என்றால் பெரும்பாலும் யுபிஎஸ் லைன். மோட்டார் இழுத்த இழுப்பில் அந்த வரிசை முழுக்க கம்ப்யூட்டர்கள் அணைந்தன. இரவு ஷிஃப்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எழுந்து நின்ற காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. அன்றிலிருந்து எலக்ட்ரீஷியனோடு பேசி, எந்த 16 ஆம்ப் பாயின்டில் மாட்டலாம் என்று எழுதி வாங்காமல் நாங்கள் சுவிட்சைத் தொடுவதில்லை.

இப்போது உங்கள் ஈர வாடைப் புகாருக்கு வருகிறேன். அது நியாயமான புகார், தம்பி. இரவில் கட்டடத்தின் சென்ட்ரல் ஏசியை நிறுத்திவிடுவார்கள். ஜன்னல் திறக்காத கண்ணாடிக் கட்டடம், வெளியே நம் சென்னைப் புழுக்கம். நீங்கள் பீய்ச்சிய தண்ணீர் போக வழியில்லை. அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில் செய்தால் கேட்கவே வேண்டாம். ஒரு முறை பீய்ச்சினால், தண்ணீர் விடாமல் வெறுமனே உறிஞ்சும் இழுப்பு இரண்டு மூன்று முறை இருக்க வேண்டும். ஓர் இடம் முடிந்ததும் அங்கே காற்றடித்துக் காயவைக்கும் புளோயரை வைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். விடியும்வரை ஏசியை அல்லது ஏசியின் ஃபேனையாவது ஓட்டித் தருவது வாடிக்கையாளர் பொறுப்பு என்று கொட்டேஷனிலேயே ஒரு வரி இருக்க வேண்டும். பல கட்டடங்களில் அலுவல் நேரம் கழிந்த ஏசிக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். அதை யார் கட்டுவது என்று முன்னாலேயே பேசாவிட்டால் பேச்சு உங்கள் தலையில் வந்து முடியும். தண்ணீர் அதிகமானால் வாடை மட்டும் பிரச்சினை இல்லை, டைலுக்குக் கீழே உள்ள பசை விட்டு ஓரம் தூக்கும், உள்ளே இறங்கிய பழைய கறை காயும்போது இழை வழியாக மேலே ஏறி மறுபடி முகம் காட்டும்.

ஆபீஸ் கார்பெட்டுக்கு ஒவ்வொரு முறையும் இப்படித் தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டியதும் இல்லை. என்கேப்சுலேஷன் என்று ஒரு முறை இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். மருந்தைக் கொஞ்சமாகத் தெளித்து, ஒரே வட்டத் தட்டு சுழலும் சிங்கிள் டிஸ்க் மெஷினில் பேட் அல்லது மென்மையான பிரஷ் போட்டு ஓட்டுவது. மருந்தில் உள்ள பாலிமர் அழுக்கைச் சுற்றிக்கொண்டு, காய்ந்ததும் பொடிப்பொடியாக உடையும். அடுத்தடுத்த நாட்கள் வேக்கம் போடும்போது அது வந்துவிடும். ஈரம் குறைவு என்பதால் ஏசி இல்லாமலும் ஓரிரண்டு மணி நேரத்தில் நடக்கலாம். வேகமும் அதிகம். என் ஆட்கள் நடைபாதையில் மணிக்கு 1,000 அடி, மேசைப் பகுதியில் 600 அடி செய்கிறார்கள். அதே 9,600 ரூபாய் இரவுக்கு நடைபாதை அடிக்கு 1.92 ரூபாய், மேசைப் பகுதி 3.20 ரூபாய் என்று வந்து நிற்கிறது. நீங்கள் 9 ரூபாய் சொன்ன இடத்தில் வேறு ஒருவர் 3 ரூபாய் சொல்லியும் லாபம் பார்ப்பது இப்படித்தான். ஆனால் ஊறிப்போன அழுக்கை, கொட்டிய பாலை, காபியை அது வேரோடு எடுக்காது. அதற்கு உங்கள் எக்ஸ்ட்ராக்‌ஷன்தான். எந்த முறையாக இருந்தாலும் முதலில் நிதானமாக வேக்கம் போட வேண்டும். கார்பெட் அழுக்கில் பெரும்பகுதி காய்ந்த மண்ணும் தூசியும்தான், அதன் மேல் தண்ணீர் விட்டால் சேறாகிவிடும்.

கறையைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு விற்பனைக்குப் போகிறேன், இரண்டும் ஒட்டியதுதான். நம் ஊர் ஆபீசில் பேன்ட்ரி வாசலில் சாம்பார் கொட்டியிருக்கும். பையன் ஆர்வத்தில் காரமான ப்ரீஸ்ப்ரேயை, அதாவது வாஷுக்கு முன் தெளிக்கும் மருந்தை அடிப்பான், மஞ்சள் கறை கண் முன்னால் ரத்தச் சிவப்பாகும். பார்த்துக்கொண்டிருக்கும் அட்மினுக்கு உயிரே போய்விடும். இது ஆரத்திக் கரைசல்தான், தம்பி. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கிறது, நம் காரக் கெமிக்கலும் அதையேதான் செய்கிறது. சிட்ரிக் அமிலக் கரைசலை லேசாகத் தெளித்தால் மறுபடி மஞ்சளாகும், பிறகு நிதானமாக எடுக்கப் பார்க்கலாம். ஒரு முறை ஒரு அட்மின் மேடத்திடம் ‘ஆரத்தித் தட்டுதான் மேடம்’ என்று சொல்லிவிட்டு அமிலத்தைத் தெளித்துக் காட்டினேன். பதறிப்போய் நின்றவர் குனிந்து உட்கார்ந்து பார்த்தார். அவர் ஆபீஸ் வேலையை அதன் பிறகு ஒன்பது வருடம் நாங்கள்தான் செய்தோம்.

ஆர்டர் பிடிப்பது இப்படித்தான் நடக்கிறது. பிரவுச்சரும் வாட்ஸ்ஆப் போட்டோவும் எல்லோரும் அனுப்புகிறார்கள். நீங்கள் நேரில் போய், லிஃப்டிலிருந்து உள்ளே நுழையும் இடத்தில் ஆறு டைலைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, அதை மட்டும் செய்து காட்டுங்கள். காய்ந்ததும் டேப்பை எடுத்துவிட்டு வந்துவிடுங்கள். பிறகு தினமும் அந்த ஆபீசுக்கு வருகிற ஒவ்வொருவரும் அந்தச் சுத்தமான கட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். நீங்கள் போன் செய்யாவிட்டாலும் அவர்கள் செய்வார்கள். டெமோவுக்கு இருப்பதிலேயே மோசமான கறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எது போகும், எது போகாது என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். பிளீச் பட்டு வெளுத்தது திரும்பாது. நடந்து நடந்து சாம்பல் நிறமான பாதையில் ஒரு பகுதி அழுக்கே இல்லை, மண்துகள் உரசி இழையே தேய்ந்திருக்கிறது. கழுவினால் அது புதிதாகாது. இதை வேலைக்கு முன்னால் சொன்னால் நீங்கள் விஷயம் தெரிந்தவர். பில் கொடுத்த பிறகு சொன்னால் சாக்குப்போக்கு.

டெமோ முடிந்ததும் ‘ஒரு தடவை வாஷ்’ என்று விற்காதீர்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில் முக்கியமானது இது. ஆபீஸ் கார்பெட் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுக்காவதில்லை. 9,000 அடி என்று வைத்தால், வாசல், லிஃப்ட் பக்கம், காபி மெஷின், பிரின்டர் சுற்றி எல்லாம் சேர்ந்து 1,500 அடிதான் நிஜமாகவே கறுக்கும். மேசை வரிசைகள் 5,000 அடி நடுத்தரம். கேபின், மீட்டிங் ரூம் 2,500 அடியில் அவ்வளவாக ஒன்றும் ஆகியிருக்காது. இப்போது மாதம் ஒரே ஓர் இரவு போகிறீர்கள். கறுக்கும் 1,500 அடியை ஒவ்வொரு மாதமும் செய்கிறீர்கள், ஒன்றரை மணி நேரம். மேசைப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 1,670 அடி, 2.8 மணி நேரம். கேபின்களில் ஆறில் ஒரு பங்கு, 420 அடி, 0.7 மணி நேரம். மொத்தம் ஐந்து மணி நேரம், சரியாக ஓர் இரவு. மேசைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கேபின்களுக்கு அரை வருடத்துக்கு ஒரு முறை என்று சுற்று வந்துவிடும். இதோடு பொங்கல் விடுமுறையில் ஓர் இரவு கறுக்கும் பகுதிக்கு மட்டும் எக்ஸ்ட்ராக்‌ஷன். லீவு நாள் என்பதால் காய நேரம் இருக்கும். வருடத்துக்கு 13 இரவு, 9,600 வீதம் 1,24,800 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 10,400.

இந்த 10,400ஐ அட்மின் இடத்தில் இருந்து பாருங்கள். 36,000 என்று ஒரே பில் வந்தால் அவர் மேலிடத்தில் கேட்க வேண்டும், பர்ச்சேஸில் மூன்று கொட்டேஷன் கேட்பார்கள், இருப்பதிலேயே குறைந்த விலைக்காரருக்குப் போகும். மாதாமாதம் ஒரு சிறு தொகை பல ஆபீஸ்களில் அவர் கையெழுத்திலேயே நகரும். அதைவிட முக்கியம், அவருடைய வாசல் எந்த மாதமும் கறுப்பாக இருக்காது. வெளிநாட்டுக் கிளையன்ட் வருகிறார் என்றால் முந்தின நாள் இரவு பதறிக்கொண்டு யாரையும் தேட வேண்டியதில்லை. உங்களுக்கோ, மாதத்தின் எந்த இரவு எங்கே என்று முன்னாலேயே தெரியும். இப்படி பத்து ஆபீஸ் கிடைத்தால் மாதம் பத்து இரவு நிரம்பிவிடும், அந்த இரண்டு பையன்களுக்கும் மாதச் சம்பளம் பேசலாம். வாடிக்கையாளரிடம் போகும் காகிதத்தில் தளத்தின் வரைபடத்தை மூன்று நிறத்தில் அடித்துக் கொடுங்கள். எந்த மாதம் எந்தப் பகுதி என்று ஓர் அட்டவணை போதும். உங்கள் இரவுக் கணக்கை அதில் காட்ட வேண்டாம்.

ஒருமுறை மட்டும் செய்து கொடுக்கக் கேட்டால், எவ்வளவு சின்ன இடமாக இருந்தாலும் குறைந்தபட்சக் கட்டணம் ஓர் இரவுக்கானது என்று வையுங்கள். 400 அடி மீட்டிங் ரூமுக்கு 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு வண்டி எடுக்கக் கூடாது. விலை குறைக்கச் சொன்னால் வேலையைக் குறைத்துக் காட்டுங்கள்: கேபின்களை வருடத்துக்கு ஒரு முறையாக்கலாம், மேசைகளை நான்கு மாதத்துக்கு ஒரு முறையாக்கலாம் என்று. அதே வேலைக்கு விலையை மட்டும் குறைத்தால், முதலில் சொன்னது ஏமாற்று விலை என்று அவர் நினைப்பதில் தப்பில்லை.

யாரிடம் போவது? ஓஎம்ஆரில் பெரிய கட்டடங்களில் ஹவுஸ்கீப்பிங் முழுக்க ஏதாவது ஒரு ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட் நிறுவனத்திடம் இருக்கும், கார்பெட் வேலையை அவர்கள் வெளியே விடுவார்கள். அங்கே வேலை நிறைய, விலை குறைவு, பணம் தாமதம். முதல் வருடம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் இரவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள். 5,000 முதல் 15,000 அடி வரை உள்ள நடுத்தர ஆபீஸ்கள், ஆடிட்டர் அலுவலகங்கள், ஹோட்டல்களின் பேங்க்வெட் ஹால்கள், பயிற்சி மையங்கள்தான் உங்களுக்கு ஏற்ற இடம். ஹோட்டல் உங்களுக்குப் பழக்கமான உலகம், அங்கே முகூர்த்தம் இல்லாத மாதங்களில், ஆடியிலும் மார்கழியிலும், ஹால் காலியாக இருக்கும். அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே போய்ப் பேசுங்கள். எந்த ஆபீசுக்குப் போனாலும் அங்கே தினமும் வேக்கம் போடும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களிடம் மரியாதையாகப் பேசுங்கள். எந்தக் கறை எப்போது விழுந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் வேலை நிற்பதும் விழுவதும் அவர்கள் போடும் வேக்கத்தில்தான் இருக்கிறது.

காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேவைத் தொழிலுக்கு வருடம் 20 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஆனால் கம்பெனிகளிடம் போகிறவர் தானாக எடுத்துவிடுவது நல்லது. கிளீனிங்குக்கு 18 சதவீதம். பெரும்பாலான கம்பெனிகள் அதை உள்ளீட்டு வரியாக, தாங்கள் கட்டும் வரியில் கழித்துக்கொள்வதால் அவர்களுக்குச் சுமை இல்லை. மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அது செலவுதான், விலை பேசும்போது நினைவிருக்கட்டும். சோழிங்கநல்லூர் எல்காட், சிறுசேரி போன்ற இடங்களில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் இருக்கும் கம்பெனி என்றால், எல்யூடி என்ற உறுதிமொழிப் பத்திரத்தைத் தாக்கல் செய்துவிட்டு வரி இல்லாமல் பில் போட வழி உண்டு, ஆடிட்டரிடம் கேளுங்கள். அங்கே மெஷினை உள்ளே கொண்டுபோகும்போதே சீரியல் நம்பரோடு கேட்டில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் விடியற்காலையில் வெளியே எடுக்க முடியாமல் நிற்பீர்கள். ஆள் எண்ணிக்கை 10 ஆனால் இஎஸ்ஐ, 20 ஆனால் பிஎஃப் கட்டாயம். அதற்கு முன்பே தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் ஒன்று எடுத்துவிடுங்கள். கம்பெனி கேட்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஈரத் தரையில் இரவு முழுக்க மின்சார மெஷினோடு நிற்கிறார்கள் அந்தப் பிள்ளைகள்.

இப்போது நிற்கிற பணம். நீங்கள் உத்யம் பதிவு, அதாவது அரசின் சிறுதொழில் பதிவு செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றே செய்யுங்கள், இணையத்தில் இலவசம், புரோக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதோடு, கெடுவுக்குள் தராத தொகையை வாங்கிய கம்பெனி அந்த வருட வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது, தந்த வருடத்தில்தான் காட்ட முடியும். 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இந்த விதி அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு நன்றாகவே தெரியும். வேலை செய்வதற்கு முன்பே பதிவு இருந்தால்தான் உங்கள் பிடி வலுவாக இருக்கும், அதனால் இந்தப் பழைய பில்லுக்கு அதை நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள். இனி ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சடியுங்கள், பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர் கையில் இல்லாமல் மெஷினை ஏற்றாதீர்கள், விடியற்காலையில் கிளம்பும் முன் அங்கே பொறுப்பில் உள்ளவரிடம் ‘வேலை முடிந்தது’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். பில் தங்குவது பெரும்பாலும் அந்த ஒரு கையெழுத்து இல்லாததால்தான்.

அந்தச் சோழிங்கநல்லூர் ஆபீசுக்கு இந்த வாரமே நேரில் போங்கள். வாடை வந்தது நம் தப்பு என்று ஒத்துக்கொள்ளுங்கள். பிடித்த 5,400ஐத் திருப்பிக் கேட்க வேண்டாம். வாடை அடித்த பகுதியை ஒரு சனிக்கிழமை இரவு புளோயரோடு வந்து இலவசமாகச் செய்து தருகிறேன், மீதி 30,600க்கு ஒரு தேதி சொல்லுங்கள் என்று கேளுங்கள். ஏசி ஃபேனை ஓடவிடச் சொல்லுங்கள். அன்று இரவே டைல்களை எண்ணிவிடுங்கள். அடுத்த வாரம் மூன்று நிற வரைபடத்தோடு அவர்களிடமே மாதக் கணக்கைக் கொண்டுபோய் வையுங்கள். உங்கள் வேலையில் நல்லது கெட்டது இரண்டையும் பார்த்த வாடிக்கையாளர் இப்போதைக்கு அவர்கள் மட்டும்தான்.

லோன் போட்டுப் பெரிய எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷின் இப்போது வேண்டாம். நான் போட்ட மாதக் கணக்கில் 13 இரவில் ஓர் இரவுதான் அதற்கு வேலை, அதற்கு உங்களிடம் இருப்பதே போதும். ஒரு 17 இன்ச் சிங்கிள் டிஸ்க், குறைந்த வேகம் உள்ளதாக, செகண்ட் ஹேண்டில் கிடைத்தாலும் சரி. இரண்டு புளோயர். நல்ல பிரஷ் உள்ள இன்னொரு வேக்கம். 20 மீட்டர் கேபிள், பிளக்கில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) வைத்தது. அமிலத்துக்கு ஒரு தனி ஸ்ப்ரே பாட்டில், மேலே ‘மஞ்சள்’ என்று பையன்களுக்குத் தெரியும்படி பெரிதாக எழுதி ஒட்டியது.